எஜமானே நீதிபதி

1751இல் பிரெஞ்சுப் படை வாலிகண்டபுரம் வரை வந்தது. ஆர்க்காட்டு நவாப் யார் என்கிற சண்டை அது. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலிக்கு ஆங்கிலேயர்களும் துணை. இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தின் ரஞ்சன்குடிக் கோட்டையும் அதன் களங்களில் ஒன்று. அரியலூரும் உடையார்பாளையமும் அப்போது பாளையங்கள். பிரெஞ்சுத் துப்பாக்கி நம்ம ஊர் வரைக்கும் வந்தது. 33 வருஷம் கழித்துப் பாரிஸைச் சிரிக்க வைத்த நாடகம் வரவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க நம்மிடம் ஒரு நூல் இருக்கிறது.

அந்த நாடகம் பொமார்ஷே எழுதிய ‘ஃபிகாரோவின் கல்யாணம்’. பதினாறாம் லூயி தடுத்து வைத்திருந்து, 1784 ஏப்ரலில்தான் பொதுமேடை ஏறியது. கதை எளிது. வேலைக்காரன் ஃபிகாரோவுக்கும் வேலைக்காரி சூசானுக்கும் கல்யாணம். மணப்பெண்ணின் முதல் இரவு பிரபுவுக்கு என்ற ‘உரிமை’யைத் தானே ஒழித்த பிரபு, அதைக் காசு கொடுத்து ரகசியமாகத் திரும்ப வாங்கப் பார்க்கிறான். நடுவில் ஒரு வழக்கு: கடனை அடைக்காவிட்டால் ஃபிகாரோ வேறொருத்தியைக் கட்ட வேண்டும். விசாரிப்பது யார்? அதே பிரபு.

நம்ம நூல் முக்கூடற்பள்ளு. தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் இடத்துக் கதை; 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று பொதுவாகக் கருதுகிறார்கள். ஆசிரியர் பெயர் தெரியாது. பள்ளன், முக்கூடலைச் சேர்ந்த மூத்த மனைவி, மருதூரைச் சேர்ந்த இளையவள், மேலே பண்ணைக்காரன். புருஷன் இளையவள் வீட்டிலேயே கிடக்கிறான், வயல் வேலை கெடுகிறது என்று மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். அவன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டிவிடுகிறான். பிறகு அதே மூத்தவள் போய்க் கெஞ்சித்தான் புருஷனை மீட்கிறாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. புகார் சொல்லவும் அவனிடம் போகணும், விடுவிக்கச் சொல்லவும் அவனிடமே போகணும். இரண்டு தடவையும் பெருசாவது பண்ணைக்காரன்தான். அவனுக்கு வலிப்பது வேலை கெட்டதுதான், அவள் மனசு இல்லை. ஒரு குடும்பச் சண்டை, கூலி கொடுப்பவன் வீட்டுக்குள் நுழையும் வாசலாகிவிடுகிறது.

பள்ளு அவனைச் சும்மா விடவில்லை என்பதும் உண்மை. அவன் உருவத்தைக் கிண்டலடித்து ஊரையே சிரிக்க வைக்கிறது. ஆனால் சிரிப்பு அவன் உடம்போடு நின்றுவிடுகிறது, தொழுமரத்தைத் தொடுவதில்லை. பொமார்ஷே இன்னும் ஓர் அடி போகிறார். பிறந்ததைத் தவிர நீ என்ன செய்தாய் என்று ஃபிகாரோ பிரபுவைக் கேட்கிறான்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் பெண்களிடம் இருக்கிறது. சூசானும் பிரபுவின் மனைவியும் உடையை மாற்றிக்கொள்கிறார்கள். பிரபு இருட்டில் சொந்த மனைவியிடமே காதல் பேசி மாட்டிக்கொள்கிறான். முதலாளியம்மாவும் வேலைக்காரியும் ஒரே கட்சி. முக்கூடலில் இரண்டு பெண்களும் ஒரே வர்க்கம், ஒரே புருஷன். இருந்தும் ஒருத்தி சாமியை ஒருத்தி வைகிறாள்: திருமால் ஒரு பக்கம், சிவன் ஒரு பக்கம். கடைசியில் சமாதானமாகிறார்கள்தான். ஆனால் பண்ணைக்காரனுக்கு எதிராக அவர்கள் ஒருபோதும் சேரவில்லை.

பிரெஞ்சு தேசிய சபை 1789 ஆகஸ்டில் பிரபுக்களின் உரிமைகளை ஒழிப்பதாக அறிவித்தது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல். தொழுமரத்தைச் சட்டத்தால் எடுத்துவிடலாம். வீட்டில் ஒரு பிரச்சினை என்றால், கூலி கொடுப்பவனைத் தவிர வேறு யாரிடம் போய்ச் சொல்வது என்ற மூத்தவளின் சிக்கல் மட்டும் இன்னும் பல ஊர்களில் பாக்கி இருக்கிறது.