பன்னிரண்டு ஸ்தானங்கள்

அமெரிக்க நாட்டு ராஜ்யங்களில் கவர்னரை மக்களே நேரில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். நம் நாட்டு முறை வேறு. சட்டசபையில் பெரும்பான்மையோரின் ஆதரவைப் பெற்றவரே ஆட்சி நடத்துவார். அவ்வாதரவு நீங்கின் ஆட்சியும் நீங்கும். இம்முறையின் வலிமையையும் எல்லையையும் திருவனந்தபுரத்துத் தமிழர் 1954-ஆம் ஆண்டில் அருகிருந்தே கண்டனர்.

திருவிதாங்கூர்-கொச்சியில் ஏ. ஜே. ஜான் அவர்களின் காங்கிரஸ் மந்திரிசபை, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் துணையை நம்பி நின்றது. 1953-இல் அத்துணை நீங்கவே மந்திரிசபை வீழ்ந்தது. 1954-இல் தேர்தல் வந்தது. மொத்த ஸ்தானங்கள் 117. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்டுகள் 23, பிரஜா சோஷலிஸ்டுகள் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சி சோஷலிஸ்டுகள் 9 எனப் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லை. 19 பேரை மட்டுமே உடைய பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரஸின் ஆதரவால் முதல் மந்திரியானார்.

தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு இணைக்க வேண்டுமென நேசமணி முதலியோர் போராடி வந்தனர். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் தமிழர் பலர் மாண்டனர். லோகியா அவர்கள், தம் கட்சி முதல் மந்திரியே பதவி துறக்க வேண்டுமென்றார். தாணு பிள்ளை துறக்கவில்லை. 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கைவிட, அவ்வாட்சியும் கவிழ்ந்தது.

ஒரு மந்திரிசபையைக் கவிழ்க்க வல்லது சிறுபான்மையோரின் வாக்கு. ஆயினும் அன்று 12 ஸ்தானங்களால் அத்துப்பாக்கிகளைத் தடுக்க இயலவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. சாலை, கரமனை, கோட்டைப் பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் எல்லைக்கு இப்பாலேயே தங்கின. அந்தப் பன்னிருவரின் தொகுதிகளுள் பெரும்பாலானவை அப்பால் சென்றன. நம் வாக்குச் சீட்டோ இங்கேயே உள்ளது. நமக்கெனத் தனிக் கட்சி இன்று இல்லை. ஆதலின் வாக்காளர் பட்டியலில் வீட்டார் அனைவரின் பெயரும் உளதா என நோக்குவதும், தமிழ்ப் பள்ளிகளின் குறைகளை வேட்பாளரிடம் ஒருமித்து உரைப்பதும், மலையாள அயலாரோடு நட்பைப் பேணுவதும் நம் கடன். பிரிந்து நிற்கும் வாக்கு எக்கணக்கிலும் ஏறாது.