பதனிடுதல்

ஆம்பூர்ப் பக்கம் தோல் ஆலையை 'டேனரி' என்றால்தான் சட்டென்று புரியும். 'பதனிடுதல்' பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது. 'டேனரி'யின் வேர் ஓக் மரப்பட்டையைக் குறித்த இலத்தீன் சொல். நம் சொல்லின் வேர் 'பதம்': சங்கப் பாட்டில் உணவு, தக்க வேளை; அடுப்படியில் பாகுப் பதம், சோற்றுப் பதம். 'பதனம்' என்றால் பத்திரம். சுண்ணாம்பில் ஊறி மயிர் கழன்ற தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் இட்டு, அழுகாமல் காக்கும் வேலைக்கு இதைவிடக் கனிவான பெயர் கிடையாது. தமிழ் வேதாகமத்தில் இயேசுவின் சீடர் பேதுரு யோப்பாவில் தங்குவது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். செத்த விலங்கைத் தொடும் அத்தொழிலை யூதர் இழிவாகக் கண்டார்கள். கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்ற தரிசனம் (அப்போஸ்தலர் நடபடிகள், 10-ஆம் அதிகாரம்) அந்த வீட்டு மேல்தளத்தில்தான் வருகிறது. நான் கேட்ட பிரசங்கங்கள் பெரும்பாலும் உடனே, அடுத்து பேதுரு சந்திக்கும் ரோம நூற்றுவர் தலைவன் கொர்நேலியுவிடம் ஓடிவிடுகின்றன. தோல் தொட்டவரைத் தீட்டென்று ஒதுக்கிய நம் மண்ணில் சீமோனின் வாசலில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். ஆலைக்கு 'டேனரி' இருக்கட்டும். அங்கே உழைப்பவரைப் 'பதனிடுகிறவர்' என்றே நான் எழுதுவேன்.