பால் டின் தீர்ந்துபோன நாட்கள்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு குறிப்பு சுற்றி வந்தது. "கடையில் குழந்தைப் பால் பவுடர் கிடைக்கவில்லையா? வீட்டிலேயே தயாரிக்கலாம்" என்று தலைப்பு. பசும்பால், தண்ணீர், சர்க்கரை என்று அளவெல்லாம் போட்டிருந்தது. அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். ஆனால் அதே குழுவில் மூன்று மாதக் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். "இது வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினால் யார் கேட்பார்கள்? அதனால் வழக்கம்போல் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். நீளமாக இருக்கும். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அண்மையில் நடந்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில் உள்ள அபாட் நிறுவன ஆலைக்குள் க்ரோனோபாக்டர் என்ற கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. டின்களைத் திரும்பப் பெற்றார்கள், ஆலையை மூடினார்கள். அந்த நாட்டின் தேவையில் பெரும்பகுதியை ஓரிரு நிறுவனங்களே பார்த்துக்கொண்டிருந்தன. எனவே மே மாதத்துக்குள் கடை அலமாரிகள் காலியாகிவிட்டன. கடைசியில் ஜெர்மனியிலிருந்து ராணுவ விமானத்தில் சுமார் 35 டன் பால் பவுடரை ஏற்றிவந்து இறக்கினார்கள். உலகத்திலேயே பணக்கார நாட்டில் இந்த நிலை. அங்கிருக்கும் நம் பள்ளி மாணவி ஒருத்தி அப்போது எனக்குப் போன் செய்து, "டீச்சர், நாலு ஊர் சுற்றி ஒரு டின் வாங்கினேன்" என்றாள்.

அதே ஆண்டு இலங்கையிலும் அந்நியச் செலாவணி தீர்ந்து, பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 2016-ல் எடுத்த கணக்கின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள். அவர்களுடைய சாப்பாடு கப்பலில் வரவேண்டியதில்லை. நம் நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 100-க்கு ஏறத்தாழ 64.

டின் வருவதற்கு முன்னால் தாய்க்குப் பால் இல்லாத வீட்டில் என்ன செய்தார்கள்? நம் சங்கப் பாட்டுகளில் வரும் செவிலித்தாயை உங்களுக்குத் தெரியும். முருகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்களையும் தெரியும். இன்னொருத்தி பால் கொடுப்பது நமக்குக் கதையிலேயே இருக்கிறது. பெரியம்மாவும் சித்தியும் பக்கத்து வீட்டுக்காரியும் அப்படிக் கொடுத்தார்கள். பாலாடையில் மாட்டுப்பாலும் ஊற்றினார்கள், தெருவில் வரும் கழுதைப்பாலும் வாங்கினார்கள். பிழைத்த பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். பிழைக்காத பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்லப் போவதில்லை. "எங்கள் காலத்தில் இப்படித்தான் வளர்த்தோம்" என்று நாம் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

இனி நம் ஊருக்குச் சம்பந்தப்பட்ட பிரான்சுக்கு வருவோம். 1870 செப்டம்பரிலிருந்து 1871 ஜனவரி வரை ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. வெளியிலிருந்து ஒரு செம்பு பால்கூட வரவில்லை. பெரியவர்கள் பசியாலும் நோயாலும் நிறைய இறந்தார்கள். ஆனால் கைக்குழந்தைகளின் சாவு குறைந்தது என்று அக்கால மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்கள் மூடப்பட்டபோதும் இதையே கவனித்தார்கள். கூலி இல்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆனால் குழந்தைச் சாவு குறைந்தது. மில்லுக்குப் போகாத தாய் வீட்டில் இருந்து பால் கொடுத்ததுதான் காரணம் என்றார்கள். மில் ஊரான புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காலைச் சங்கு ஊதியதும் ஓட வேண்டிய தாய் எப்படிப் பால் கொடுப்பாள்?

ஆனாலும் எல்லாத் தாயாலும் கொடுக்க முடியாது. பிரசவத்தில் தாய் இறந்துவிடலாம், நோய் இருக்கலாம், வேலை விடாது. அந்தக் குழந்தைகளுக்காக 1894-ல் பிரான்சின் வடக்குக் கடற்கரையில் ஃபெகாம் என்ற ஊரில் லெயோன் துஃபூர் என்ற டாக்டர் ஒரு நிலையம் திறந்தார். "பால் துளி" என்பது அதன் பெயர். சுத்தமான பாலைக் காய்ச்சி, கிருமி நீக்கி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாளுக்கு வேண்டியதைப் புட்டிகளில் அளந்து கொடுத்தார்கள். வாராவாரம் குழந்தையை எடைபோட்டார்கள். தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி முதலில் பேசிவிட்டுத்தான் புட்டியை எடுத்தார்கள். அந்த நிலையத்தின் வாசகம் "ஃபோத் த மியோ". நம் சொல்தா வீட்டுத் தாத்தாக்கள் உடனே பொருள் சொல்லிவிடுவார்கள்: "இதைவிட நல்லது இல்லாததால்." இத்தனை அடக்கமாகத் தன் பாலைப் பற்றிச் சொன்ன நிலையம் வேறொன்றை நான் படித்ததில்லை.

பின்னால் வந்த வியாபாரத்தில் அந்த அடக்கம் காணாமல் போயிற்று. 1867-ல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பால், கோதுமை மாவு, சர்க்கரை சேர்த்து ஒரு குழந்தை மாவு தயாரித்திருந்தார். அதன் பிறகு பல நிறுவனங்கள், பல டின்கள். நம்மவர்கள் பிழைக்கப் போன மலாயா, சிங்கப்பூர் பக்கம் சர்க்கரை சேர்த்த கெட்டிப்பாலைக் கைக்குழந்தைக்கு நல்லதென்று விற்றார்கள். 1939-ல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் ஒரு கூட்டத்தில் பேசினார். பேச்சின் தலைப்பே "பாலும் கொலையும்". இப்படிக் குழந்தைகள் இறப்பதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

நம் நாட்டுக் கதை வேறு. சுதந்திரத்துக்குப் பிறகு குழந்தை உணவு டின்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. அவற்றை வாங்க அந்நியச் செலாவணி போதவில்லை. எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை ஆனந்த் கூட்டுறவுப் பண்ணையில் தலாயா என்ற பொறியாளர் பொய்யாக்கிக் காட்டினார். 1955-ல் அந்த ஆலையை நேரு திறந்துவைத்தார். எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உருவாக்க, 1960-ஐ ஒட்டி அமுல் டின் கடைக்கு வந்தது. அதுவும் ஒரு தட்டுப்பாட்டில் பிறந்த சாதனைதான். அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இந்தப் பதிவில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி இதுதான்.

2004 டிசம்பர் 26. சுனாமி. நகரத்தைக் கடற்கரைத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டது. வடக்கிலும் தெற்கிலும் இருந்த மீனவக் கிராமங்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை. அந்தக் கிராமங்களுக்கு உதவி குவிந்தது. துணி, அரிசி, பாத்திரம், அவற்றோடு குழந்தைப் பால் பவுடரும். அங்கே டின்னுக்குத் தட்டுப்பாடு இல்லை, இலவசமாகவே கிடைத்தது.

ஜிப்மர் மருத்துவர்கள் பாதிக்கப்பட்ட புதுச்சேரிக் கிராமங்களுக்குப் போய்த் தாய்மாரிடம் விசாரித்தார்கள். 2006-ல் அந்த ஆய்வு ஒரு குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்தது. இலவசப் பவுடர்ப்பால் குடித்த குழந்தைகளுக்கு, குடிக்காத குழந்தைகளைவிட 3 மடங்கு அதிகமாக வயிற்றுப்போக்கு வந்திருந்தது. அதே 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகும் இதே மாதிரிதான் கண்டார்கள்.

டின்னுக்குள் இருந்த பால் கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. வீடே போன இடத்தில் அதைக் கலக்க நல்ல தண்ணீர் எங்கே? கொதிக்கவைக்க அடுப்பு எங்கே? புட்டியைக் கழுவ இடம் எங்கே? இன்னொன்றும் உண்டு. அதிர்ச்சியில் இருக்கும் தாய்க்குப் பால் இறங்கச் சற்று நேரமாகலாம், ஆனால் சுரப்பு நின்றுவிடாது. அவளை ஓரிடத்தில் உட்காரவைத்து, வயிற்றுக்குச் சாப்பாடு கொடுத்து, குழந்தையை மார்போடு சேர்த்துவிட்டால் திரும்ப இறங்கும். அந்த நேரத்தில் புட்டியைக் கையில் கொடுத்துவிட்டால், குழந்தை உறிஞ்சுவது குறையும், சுரப்பும் குறையும். பிறகு இலவச டின் தீர்ந்த அன்று இரண்டும் இல்லை.

இந்த வரலாறு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. டின் இல்லாததால் மட்டும் குழந்தைகளுக்கு ஆபத்து வரவில்லை. நல்ல தண்ணீரும், சரியான அளவும், தாய்க்குத் துணையும் இல்லாத இடத்தில் டின் நிறைய இருந்தபோதும் வந்தது.

உலகம் இதைக் கற்றுக்கொள்ள நாளாயிற்று. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பால் மாற்று உணவு விற்பனைக்கு விதிமுறை வகுத்தது. 1992-ல் இந்தியா சட்டமே போட்டது. நம் ஊர்க் கடையில் இருக்கும் டின்னை எடுத்துப் பாருங்கள், கொழுகொழு குழந்தை படம் இருக்காது. விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

இன்னொரு நல்ல செய்தி. 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. நம் ஜிப்மரிலும் 2016 முதல் "அமுதம் தாய்ப்பால் மையம்" இருக்கிறது. தாய்மார் தானமாகத் தரும் பாலைப் பரிசோதித்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறையவைத்து, குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். கார்த்திகைப் பெண்கள் ஜிப்மருக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நாளை டின் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? மருத்துவர்கள் சொல்வதைத் தொகுத்துத் தருகிறேன்.

1. பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து வலிப்புகூட வரலாம்.

2. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு வீட்டுக் கலவை, சர்க்கரைத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், கெட்டிப்பால் எதுவும் வேண்டாம். ஒரு வயது வரை தேனும் வேண்டாம்.

3. சாதாரண வகைப் பவுடர் என்றால் வேறு நிறுவனத்துடையதைக் கொடுக்கலாம். ஒவ்வாமை போன்றவற்றுக்கான சிறப்பு வகை என்றால் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

4. தண்ணீரைக் கொதிக்கவைத்து, சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். குழந்தை குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

5. புட்டியைச் சரியாகக் கழுவ வசதியில்லையா? பாலாடையை எடுங்கள். எடை குறைந்த குழந்தைகளுக்குக் கிண்ணமோ பாலாடையோ பயன்படுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. பாட்டி வீட்டுப் பரணில் தேடினால் கிடைக்கும்.

6. பாதித் தாய்ப்பால், பாதி பவுடர் என்று கொடுப்பவர்கள் தாய்ப்பாலை மெல்ல மெல்லக் கூட்டலாம். நின்றுபோன சுரப்பைக்கூடப் பலருக்குத் திரும்பக் கொண்டுவர முடியும். அதற்கு நாளாகும், உதவி வேண்டும். மருத்துவமனையில் கேளுங்கள்.

7. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் குழைத்த சோறு, பருப்பு, கிழங்கு, முட்டை எல்லாம் கொடுக்கத் தொடங்குங்கள். பாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால், "பால் போதவில்லை போல" என்று காதுபடப் பேசாதீர்கள். டின் கொடுக்கிறாள் என்றால் அதற்கு அவளுக்குக் காரணம் இருக்கும், அதையும் குத்திக்காட்டாதீர்கள். அவள் கையிலிருக்கும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் குழந்தையைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த வீட்டுக் கலவைக் குறிப்பு உங்கள் போனுக்கும் வந்திருந்தால், மேலே அனுப்பாமல் அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இதை அனுப்பினாலும் சரிதான். சந்தேகம் இருப்பவர்கள் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் என்னைக் கேட்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்