அந்தமான் மரபணு ஃபைல்: 16,569 எழுத்துகளைப் பைத்தானில் பிரித்து அடுக்குவது எப்படி?

ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் 2005இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். ஓங்கே, கிரேட் அந்தமானியர், நிகோபாரி மக்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பற்றியது அது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் டிஎன்ஏ இது. முதல் இரண்டு சமூகங்களிடம் எம்31, எம்32 என்ற பழமையான கிளைகள் இருந்தன. நிகோபாரிகளின் தாய்வழி, தென்கிழக்கு ஆசியாவை நோக்கிப் போனது.

இந்த வரிசைகள் ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லேப்டாப்பும் கொஞ்சம் பைத்தானும் இருந்தால் நீங்களே திறந்து பார்க்கலாம்.

ஃபைலுக்குள் என்ன இருக்கும்?

'ஃபாஸ்டா' என்பது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். '>' குறியுடன் தொடங்கும் ஒரு தலைப்பு வரி. அதன் கீழே ஏ, சி, ஜி, டி எழுத்துகள், பல வரிகளாக மடித்து. அடுத்த '>' வந்தால் அடுத்த நபர். அவ்ளோதான். ஒருவருக்குச் சுமார் 16,569 எழுத்து. பதினைந்து பேரைச் சேர்த்தாலும் இரண்டரை லட்சம் எழுத்துதான். ஃபோனில் எடுக்கும் ஒரு போட்டோவைவிடச் சின்ன ஃபைல்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது இப்படி யோசியுங்கள்: வரி வரியாகப் படி. '>' இருந்தால் புதுப் பெயர் தொடங்கு. இல்லையென்றால், தற்போதைய பெயருக்குக் கீழே அந்த வரியை ஒட்டு. பத்துப் பன்னிரண்டு வரியில் முடிந்துவிடும். பயோபைத்தான் நூலகம் இதைத் தயாராகவே தருகிறது. ஆனாலும் முதல் தடவை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது.

பலர் சறுக்கும் இடம், அடுக்குவது. ஃபைலை அப்படியே வரிவாரியாக அகரவரிசையில் போட்டால் தலைப்புகள் ஒரு பக்கம், எழுத்துகள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். எது ஓங்கே, எது நிகோபாரி என்று பிறகு சொல்லவே முடியாது. தலைப்பையும் வரிசையையும் ஜோடியாக்கிய பிறகே அடுக்க வேண்டும். பெயரில் எண் இருந்தால் 'மாதிரி10', 'மாதிரி2'க்கு முன்னால் வந்து நிற்கும்; எண்ணைத் தனியே பிரித்தெடுத்து அடுக்குங்கள்.

நீளத்தின்படி அடுக்கினால் என்ன தெரியும்?

முதலில், சில நூறு எழுத்து மட்டுமே உள்ள பகுதி வரிசைகள் முழு வரிசைகளிலிருந்து விலகி நிற்கும். அடுத்ததுதான் சுவாரசியம். முழு வரிசைகளில் சில ஏறக்குறைய 16,560இல் நிற்கும். டவுன்லோடு கோளாறு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்! நிகோபாரிகளிடம் காணப்படும் பி5ஏ கிளையில் ஒன்பது எழுத்துத் துண்டு ஒன்று பரம்பரையாகவே கிடையாது. மற்றவர்களிடம் அடுத்தடுத்து இருமுறை வரும் துண்டு, இவர்களிடம் ஒருமுறைதான். ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பரவலாகக் காணப்படும் அடையாளம் இது. ஆனால் நீளத்தை மட்டும் வைத்துக் கிளையை முடிவு செய்யக் கூடாது. வேறு இடங்களிலும் ஓரிரு எழுத்து கூடும், குறையும்.

ஒப்பிடப் பயன்படும் கேம்பிரிட்ஜ் மாதிரி வரிசையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1981இல் வெளியான அந்த வரிசையில் ஓர் எழுத்து கூடுதலாகப் பதிந்துவிட்டது. 1999இல் திருத்தியபோது, பழைய எண்கள் மாறாமலிருக்க 3107ஆம் இடத்தில் 'என்' என்று வைத்துவிட்டார்கள். ஏ, சி, ஜி, டி மட்டும் எண்ணினால் 16,568தான் வரும். உங்கள் ஸ்கிரிப்ட் சரிதான். ஆனால் அந்த 'என்'னை நீக்கினீர்களோ, அதற்குப் பின்னால் உள்ள இட எண்கள் எல்லாம் ஒன்று நகர்ந்துவிடும்.

தலைப்பு வரியில் ஏன் இவ்வளவு கவனம்?

2011 கணக்கெடுப்பில் ஓங்கே 101 பேர், கிரேட் அந்தமானியர் 44 பேர். சென்னையில் ஒருவரின் வயதையும் பாலினத்தையும் மட்டும் எழுதினால் ஆள் யாரென்று தெரியாது. 44 பேரில் தெரிந்துவிடும். அதனால் உங்கள் ஃபைலில் ஜென்பேங்க் எண்ணும் சமூகப் பெயரும் மட்டும் போதும். வேறு விவரங்களைத் தேடிச் சேர்க்காதீர்கள்.

சமூகம் சிறியது என்பதால் ஒரு வரிசை இடம் மாறினாலும் முடிவு ஆட்டம் காணும். 2005 முடிவேகூட விவாதத்துக்கு உள்ளானது: எம்31இன் நெருங்கிய உறவுகள் இந்தியப் பெருநிலத்திலும் இருப்பதாக 2006இலேயே 'சயின்ஸ்' இதழில் மறுப்பு வந்தது. அந்தமான் மக்கள் எப்போது தீவுக்கு வந்தார்கள் என்ற வாதம் அதையொட்டித்தான் நடந்தது. இரு தரப்பும் மேற்கோள் காட்டியவை இதே மாதிரி ஃபைல்களைத்தான்.