ரஜா கொடுத்தவரும் ரஜா போட்டவரும்

மைசூரில் நவராத்திரி வந்துவிட்டால் பிள்ளைகளுக்குத் ‘தசரா ரஜெ’. கன்னடத்தில் ரஜெ இன்றும் அன்றாடப் பேச்சு. தமிழிலோ ‘ரஜா’ போன தலைமுறைக் கதைகளிலும் அலுவலகக் கடிதங்களிலும் தாராளமாகப் புழங்கிவிட்டு, லீவுக்கும் விடுமுறைக்கும் வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. ராஜா கொடுப்பது ரஜா என்று முடிச்சுப் போடத் தோன்றும். மைசூருக்கு அது அழகாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் சரியல்ல. மூலம் அரபியின் ‘ரிளா’, அதாவது மனநிறைவு, இசைவு. ரிழ்வான் என்ற பெயரும் அந்த வேரில் கிளைத்ததுதான். பாரசீகம் வழியாக மராத்திக்கும் கன்னடத்துக்கும் வந்தபோது ஒலி ஜகரமாயிற்று. தாசில்தார், வசூல், ஜப்தி ஆகிய கச்சேரிச் சொற்களின் கூட்டத்தில் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. ஆக, ரஜா முதலில் ஒரு நாளைக் குறிக்கவில்லை. மேலே இருப்பவரின் சம்மதத்தைக் குறித்தது. ஆங்கில லீவும் அப்படியே: அதன் பழைய பொருளும் அனுமதிதான். ஒன்றைத் தள்ளி இன்னொன்றை ஏற்றபோது நாம் பெரிதாக எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதிகாரி வருவதற்கு முன் இங்கே யாரும் ஓய்வெடுக்கவில்லையா? எடுத்தார்கள். தமிழ்நாட்டில் தச்சரும் கொல்லரும் அமாவாசையன்று உளியையும் சுத்தியலையும் தொடாத வழக்கம் உண்டு. கர்நாடகத்தில் பல ஊர்களில் திங்கட்கிழமை பசவனுக்குரிய நாள், அன்று எருதை ஏரில் பூட்டமாட்டார்கள். அதற்கு யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாட்களுக்கு அமாவாசை, சோமவாரம், தேர், திருவிழா என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. எல்லாவற்றையும் அடக்கும் பொதுச்சொல்லுக்குத் தேவை எழவில்லை. தன் பொழுது பிறர் கைக்குப் போனபிறகுதான், கச்சேரியும் பள்ளிக்கூடமும் ஆலையும் வந்தபிறகுதான், அந்தத் தேவை வந்தது. பழைய ஓய்வுநாட்கள் என் வாதத்தைக் குலைக்கவில்லை. ரஜா ஏன் தேவைப்பட்டது என்பதையே அவை காட்டுகின்றன.

சொல் குறித்த பொருளும் மைசூரில் மெல்ல உருமாறியது. 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசரா, அரசன் தன்னைக் குடிகளுக்குக் காட்டிக்கொள்ளும் விழா. விளையாட்டும் அவனுக்காகவே. விஜயதசமியன்று அரண்மனையில் ஜெட்டி எனப்படும் மல்லர்கள் கைவிரல்களில் ஆயுதம் பூண்டு வஜ்ரமுஷ்டி மோதுவார்கள். முதல் துளி ரத்தம் சிந்தியதும் போர் நின்றுவிடும். பார்க்க வந்த குடிகளை விருந்தாளிகள் என்று சொல்வதற்கில்லை; அவர்கள் சாட்சிகள். 1880-இல் பொருட்காட்சி சேர்ந்தபோது சாட்சி வாடிக்கையாளராகத் தொடங்கினார். 1971-இல் மன்னர் மானியம் போனபின் தசரா அரசாங்க விழாவாயிற்று. தங்க அம்பாரியில் அரசன் அமர்ந்த இடத்தில் சாமுண்டீஸ்வரி எழுந்தருள்கிறாள். இன்று ஆயுத பூஜையைச் சனி ஞாயிறோடு ஒட்டி, திம்பம் மலைப்பாதை ஏறி மைசூர் போகும் ஈரோட்டுக் குடும்பத்துக்குத் தசரா என்பது ஒரு டூர். பிரிட்டனும் இதே பாதையில் நடந்தது. புனித நாள் என்ற பொருளுடைய அவர்களின் ‘ஹாலிடே’ என்ற சொல், 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்து, 1938-இல் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டமும் வந்தபின் கடற்கரைப் பயணத்தைக் குறிக்கலாயிற்று. விளையாட்டும் ஓய்வுநாளைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே சனிக்கிழமை அரைநாள் ஓய்வுதான் கால்பந்துக்குக் கூட்டம் சேர்த்தது. இங்கே ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும் சேப்பாக்கத்தில், 1934 நவம்பர் 4, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இந்த மாற்றத்தைப் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் நன்றாகக் காட்டுகிறது. ரஜா கொடுத்தார், ரஜா வாங்கினான் என்பது பழைய வழக்கு. லீவு எடுத்தேன், லீவு போட்டேன் என்பது இன்றைய வழக்கு. கன்னடமும் ‘ரஜெ ஹாகு’ என்று போடத்தான் செய்கிறது. கொடுப்பவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிட்டார். ‘போடு’ என்பது மனுப் போடுவதிலிருந்து வந்தது, அதில் உரிமை எங்கே என்று கேட்கலாம். இருக்கட்டும், மனுவானாலும் வினை ஊழியருடையதாகிவிட்டது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் இருபது நாள் உழைப்புக்கு ஒருநாள் சம்பள விடுப்பு என்று கணக்கு வகுத்தபின், அது மேலாளரின் மனநிறைவைச் சார்ந்த சலுகையாக இல்லை. பிள்ளைகள் மட்டும் பழைய இலக்கணத்திலேயே இருக்கிறார்கள். மழை பெய்தால் அவர்கள் லீவு போடுவதில்லை. கலெக்டர் லீவு ‘விடுகிறார்’.

பெரியவர்களும் முழுக்கத் தப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. நம் பொதுவிடுமுறைகள் இன்றும் அறிவிக்கப்படுவது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ். மாற்றுச்சீட்டுக்கும் காசோலைக்கும் எழுதப்பட்ட சட்டம் அது. ஊர்த் தேருக்கு மாவட்ட ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை அந்தச் சட்டத்தில் அடங்காது. ஆகவே அன்று வங்கி திறந்திருக்கும். ஈடாக, ஏதாவதொரு சனிக்கிழமை வேலைநாள் என்றும் அறிவிப்பின் அடியில் ஒரு வரி வந்துவிடும்.