அமெரிக்க மருந்தாளுநர் உரிமத் தேர்வு

வட அமெரிக்க மருந்தாளுநர் உரிமத் தேர்வு (நேப்ளெக்ஸ்) என்பது ஐக்கிய அமெரிக்காவில் மருந்தாளுநராகப் பணிபுரிய விரும்புவோர் எழுதும் தேர்வு ஆகும். மாநில பார்மசி வாரியங்களின் தேசியச் சங்கம் இதனை நடத்துகிறது. மருந்து செய்யும் கைத்திறனைச் சோதித்த உரிமத் தேர்வு, ஒரு நோயாளிக்கு எந்த மருந்து தகும், எது தகாது என்று முடிவெடுக்கும் திறனைச் சோதிப்பதாக மாறியது. நோயாளியிடம் மருந்தைப் பற்றிப் பேச மருந்தாளுநருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியுடன் இம்மாற்றம் பின்னிப் பிணைந்தது.

தொடக்கம்

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூசியானாவில் மருந்தாளுநர்களுக்குத் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. நியூ ஆர்லியன்சைச் சேர்ந்த லூயி டுஃபிலோ 1816 இல் அதில் தேறினார். உரிமம் பெற்ற முதல் அமெரிக்க மருந்தாளுநராக அவர் கருதப்படுகிறார். அவருடைய கடை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் 1870 க்குப் பின்னரே தேர்வு வாரியங்கள் அமைந்தன. அதுவரை ஒரு கடையில் சில ஆண்டுகள் வேலை பழகியதே தகுதியாக இருந்தது.

அக்காலத் தேர்வர்கள் உலர்ந்த வேர், பட்டை, இலை ஆகியவற்றைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். இலத்தீன் சுருக்கங்கள் கொண்ட மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டும். தேர்வாளர் முன்னிலையில் மாத்திரை உருட்டிக் காட்ட வேண்டும். ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்றொரு மாநிலம் ஏற்பதற்கான வழியை உருவாக்க 1904 இல் தேசியச் சங்கம் தொடங்கப்பட்டது.

பேசக்கூடாத காலம்

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான மருந்துகள் தொழிற்சாலைகளில் இருந்தே வரத் தொடங்கின. கலுவமும் குழவியும் ஓய்ந்தன. அமெரிக்க மருந்தாளுநர் சங்கத்தின் 1952 ஆம் ஆண்டு ஒழுக்க நெறி, சீட்டில் உள்ள மருந்தின் பயனையோ சேர்மானத்தையோ நோயாளியிடம் விவாதிக்கலாகாது என்றது. கேட்பவரை மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். தயாரிக்கும் வேலையும் குறைந்து, விளக்கும் உரிமையும் இல்லாத நிலையில், மருந்தாளுநரின் படிப்பு எதற்கு என்ற கேள்வி எழுந்தது.

அதற்கான விடை நடைமுறையில் இருந்தே வந்தது. வர்ஜீனியாவின் பெரிவில் ஊரில் யூஜின் ஒயிட் 1960 இல் தன் கடையை ஆலோசனை அறை போல மாற்றியமைத்து, ஒவ்வொரு நோயாளியின் மருந்து வரலாற்றையும் பதிவு செய்தார். 1966 இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாவது தளத்தில் மருந்தாளுநர்கள் நோயாளிகளின் அருகிலேயே பணியாற்றத் தொடங்கினர். 1969 இல் ஒழுக்க நெறி திருத்தப்பட்டு, பழைய தடை நீங்கியது.

முடிவெடுக்கும் தேர்வு

1970 களில் மாநிலங்கள் பொதுவான வினாத்தாளுக்கு மாறின. 1990 இல் ஹெப்லர், ஸ்ட்ராண்ட் ஆகிய இருவரும் மருந்துச் சிகிச்சையின் விளைவுக்கு மருந்தாளுநரும் பொறுப்பாளி என்று வாதிட்டனர். தேவையான மருந்து தரப்படாமை, பொருந்தாத மருந்து, குறைந்த அளவு, மிகுந்த அளவு, பக்க விளைவு, மருந்துகளின் இடைவினை உள்ளிட்ட எட்டுச் சிக்கல்களை அவர்கள் வகுத்தனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், மெடிகெய்ட் நோயாளிகளின் மருந்துச் சீட்டை வழங்கும் முன் ஆராயவும் ஆலோசனை தர முன்வரவும் மருந்தாளுநரைக் கடமைப்படுத்தியது. அது 1993 இல் நடைமுறைக்கு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒழுக்க மீறலாக இருந்த செயல் சட்டக் கடமையாயிற்று. 1997 இல் தேர்வு கணினிக்கு மாறியது.

தயாரிப்பு

இன்றைய தேர்வில் நோயாளி விவரக் குறிப்பைத் தந்து கேட்கப்படும் வினாக்கள் முக்கியமானவை. சான்றாக, இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் உட்கொள்ளும் மூதாட்டிக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட, கோ-டிரைமாக்சசோல் எழுதப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். அந்த மருந்து தொற்றுக்கு ஏற்றதே, அளவும் சரியே. ஆனால் அது வார்ஃபரினின் வேலையைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். சிறுநீரகம் போதிய அளவு இயங்கினால் நைட்ரோஃபுரண்டாயினைப் பரிந்துரைக்கலாம். இல்லையெனில் அதுவும் பொருந்தாது. மருந்துகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார். நோய், மற்ற மருந்துகள், ஆய்வக முடிவுகள் மூன்றையும் சேர்த்துப் படித்துப் பழகுவதே இத்தேர்வுக்கான தயாரிப்பு ஆகும். கணக்கீடுகளுக்கும் தனிப் பயிற்சி தேவை.

இந்தியத் தொடர்பு

வெளிநாட்டில் படித்தவர்கள் முதலில் தகுதிச் சான்று பெற வேண்டும். 2003 ஆம் ஆண்டு முதல் பட்டம் பெற்றவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு தேவை என்பதால், இந்தியாவின் நான்காண்டு பி.பார்ம் பட்டம் மட்டும் உடையோர்க்கு இவ்வழி அடைபட்டது. இந்தியாவில் 2008 இல் அறிமுகமான ஆறாண்டு பார்ம்.டி படிப்பு அந்தக் கால அளவை நிறைவு செய்கிறது. அதன் இறுதி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சிக்கு உரியது.