தாய்ப்பால் போதவில்லையா? சந்தேகத்தையும் உண்மையான குறைபாட்டையும் பிரித்தறிவது எப்படி?

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே பெரும்பாலான இளம் தாய்மார்களைச் சூழ்ந்துகொள்ளும் கேள்வி, "குழந்தைக்குப் பால் போதுகிறதா?" என்பதாகும். குழந்தை அழும்போதெல்லாம் மாமியார் கேட்கிறார்; பார்க்க வரும் உறவினர் கேட்கிறார்; நள்ளிரவில் தாயே தன்னிடம் கேட்டுக்கொள்கிறார். அழுகையை வைத்தும் மார்பின் கனத்தை வைத்தும் இதற்கு விடை தேடும் குடும்பங்கள், பெரும்பாலும் அன்று மாலைக்குள் பால்பவுடர் டப்பாவுக்கு வந்துவிடுகின்றன. மறுபுறம், உண்மையிலேயே பால் குறைவாக உள்ள தாயிடம் "நாள் போகப்போகச் சரியாகிவிடும்" என்று கூறிக் காலம் கடத்துவதும் நடக்கிறது. முதல் தவறு, இருக்கும் பாலையும் குறைக்கிறது. இரண்டாவது தவறு, குழந்தையின் உடல்நிலையையே ஆபத்துக்குள்ளாக்குகிறது.

இந்தியாவில் இப்பிரச்சினை வேரூன்றும் இடத்தைத் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு தெளிவாகக் காட்டுகிறது. 2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 78.9 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள், 2019-21 கணக்கெடுப்பில் 88.6 சதவீதமாக உயர்ந்தன. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளின் விகிதம் 41.6 சதவீதத்திலிருந்து 41.8 சதவீதமாக மட்டுமே மாறியது. மருத்துவமனைக்கு வந்துசேர்ந்த தாய்மார்கள் பெருகியும், முதல் ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே அளிக்கப்படும் குழந்தைகள் இதே காலத்தில் 54.9 சதவீதத்திலிருந்து 63.7 சதவீதமாக உயர்ந்திருப்பது ஆறுதலான செய்தி.

முதல் மூன்று நாட்கள்

பிரசவத்திற்குப் பின் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் மிகக் குறைவு. முதல் நாளில் ஒரு வேளைக்குச் சுமார் ஒரு தேக்கரண்டி அளவே குழந்தைக்குக் கிடைக்கும். பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அதுவே ஏற்ற அளவு. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த இச்சீம்பாலைப் பார்த்துவிட்டு "பாலே வரவில்லை" என்று முடிவு செய்வதில்தான் பல வீடுகளில் சிக்கல் தொடங்குகிறது. வட மாநிலங்களில் 'ஜனம் குட்டி' என்ற பெயரிலும், தமிழகத்தில் சேனை என்ற பெயரிலும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ குழந்தையின் வாயில் வைக்கப்படுகிறது. இவை குழந்தையின் உறிஞ்சும் ஆர்வத்தைக் குறைப்பதோடு, கிருமித் தொற்றுக்கும் வழிவகுக்கின்றன. குறிப்பாக, ஒரு வயது நிறைவடையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பால் சுரப்பு வேகமெடுக்கும். அறுவைச் சிகிச்சைப் பிரசவம், முதல் பிரசவம், நீரிழிவு, உடல் பருமன், பிரசவத்தின்போது ஏற்பட்ட அதிக ரத்த இழப்பு ஆகிய சூழல்களில் இது ஓரிரு நாள் தாமதமாகலாம். தாமதம் என்பது இல்லாமை அல்ல. ஆனால், அந்த நாட்களில் குழந்தையை அடிக்கடி மார்பில் வைப்பதும், உடையின்றித் தாயின் மார்போடு அணைத்துக் கிடத்துவதும், பால் குடிக்க முடியாத குழந்தை எனில் சில மணி நேரத்திற்கு ஒருமுறை கையால் பாலைப் பீய்ச்சி எடுப்பதும் இன்றியமையாதவை. 2019-21 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட பிரசவங்கள், அதாவது 21.5 சதவீதம், அறுவைச் சிகிச்சை மூலம் நடைபெற்றன. தையல் வலியோடு படுத்திருக்கும் தாய்க்குக் குழந்தையை மார்பில் பொருத்திக் கொடுக்க ஒருவர் உடனிருப்பது, அந்நேரத்தில் எந்த மருந்தைவிடவும் பயன் தரும்.

எடுக்க எடுக்கச் சுரக்கும்

குழந்தை மார்பை உறிஞ்சும்போது தாயின் மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின், ஆக்சிடோசின் என்னும் இரு ஹார்மோன்கள் வெளிப்படுகின்றன. முதலாவது பாலை உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. இரண்டாவது உற்பத்தியான பாலை வெளியே தள்ளுகிறது. புரோலாக்டின் இரவில் அதிகம் சுரப்பதால், இரவுப் பாலைத் தவிர்த்தால் பகல் நேரச் சுரப்பும் குறையும். இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. மார்பில் பால் தேங்கி நின்றால், உற்பத்தியைக் குறைக்கும்படி உடலுக்குச் செய்தி செல்கிறது. மார்பு காலியானால் உற்பத்தி கூடுகிறது.

இவ்விதியை அறிந்தால், அவசரப்பட்டுக் கொடுக்கப்படும் புட்டிப்பால் என்ன செய்கிறது என்பது விளங்கும். மாலையில் 60 மி.லி. பால்பவுடர் கரைசல் குடித்த குழந்தை நான்கு மணி நேரம் உறங்குகிறது. வீடு நிம்மதி அடைகிறது. அந்த நான்கு மணி நேரமும் மார்பில் பால் தேங்கி நிற்கிறது. மறுநாள் சுரப்பு சற்றுக் குறைகிறது, குழந்தை மீண்டும் அழுகிறது, புட்டி இரண்டாகிறது. இரண்டு வாரங்களில், தொடக்கத்தில் வெறும் அச்சமாக இருந்தது உண்மையாகவே மாறிவிடுகிறது. "அப்போதே சொன்னேன்" என்று கூறுபவர்களுக்கும் சான்று கிடைத்துவிடுகிறது.

எவை அறிகுறி அல்ல?

அழுகை பசியின் அறிகுறிகளில் ஒன்று மட்டுமே. மாலை நேரங்களில் பிறந்த குழந்தைகள் அரை மணிக்கு ஒருமுறை பால் கேட்பது இயல்பு. மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் வளர்ச்சி வேகமெடுக்கும்போது, ஓரிரு நாட்கள் குழந்தை மார்பை விட்டு விலகாமல் இருப்பதும் வழக்கமானதே. தொடக்கத்தில் கனத்திருந்த மார்பு சில வாரங்களில் மென்மையாவது, தேவைக்கேற்பச் சுரக்க உடல் பழகிக்கொண்டதைக் காட்டுகிறது. பால் தானாகக் கசியாததும், பம்ப் கொண்டு எடுக்கும்போது சிறிதளவே வருவதும் குறைபாட்டைக் காட்டுவன அல்ல. நன்றாகப் பால் குடிக்கும் குழந்தை எடுக்கும் அளவைப் பம்ப் எடுத்துவிடாது. பால் குடித்து முடித்த பின்னும் புட்டியைக் கொடுத்தால் குழந்தை குடிக்கிறதே என்பது அடிக்கடி முன்வைக்கப்படும் வாதம். வாயில் எது வைத்தாலும் உறிஞ்சுவது பிறந்த குழந்தையின் இயல்பான அனிச்சைச் செயல் ஆகும்.

நம்பத்தக்க அளவுகோல்கள்

உள்ளே சென்ற பாலை அளக்க முடியாது. வெளியே வருவதைக் கணக்கிடலாம். முதல் நாளில் ஒருமுறை, இரண்டாம் நாளில் இருமுறை எனக் கூடிச்சென்று, ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறை வெளிர் நிறத்தில் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குப் பால் கிடைக்கிறது என்று கொள்ளலாம். கருமையான முதல் மலம் நான்கு, ஐந்து நாட்களில் மஞ்சள் நிறத்திற்கு மாற வேண்டும். துணியில் செங்கல் நிறக் கறை முதல் இரண்டு நாட்களில் காணப்படலாம். அதற்குப் பின்னும் தொடர்ந்தால் பால் போதவில்லை என்பதற்கான எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். டயாப்பர் அணிவித்தால் இக்கணக்கு பிடிபடாது. எனவே சந்தேகம் உள்ள வாரத்தில் பழைய பருத்தித் துணிக்கே திரும்புவது நல்லது.

அடுத்தது எடை. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவது இயற்கை. 3 கிலோவில் பிறந்த குழந்தை 2.8 கிலோவாகக் குறைந்தால் கவலை வேண்டியதில்லை. அதுவே 2.7 கிலோவைத் தொட்டால், அதாவது 10 சதவீதம் குறைந்தால், உடனடியாக மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்ட வேண்டும். அதன் பின் நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் வரை கூட வேண்டும். ஒரே எடைக்கருவியில், உடையின்றி எடுக்கப்பட்ட எடைகளையே ஒப்பிட வேண்டும். இரு வேறு மருத்துவமனைகளின் கருவிகளுக்கு இடையிலான வேறுபாடு, தேவையற்ற பீதியையும் தேவையற்ற நிம்மதியையும் தரக்கூடும்.

சுரப்பைக் கூட்டும் வழிகள்

முதலில் சரிபார்க்க வேண்டியது குழந்தை மார்பைப் பற்றும் விதம். காம்பை மட்டும் கவ்வாமல், காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் இருக்க வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, முகவாய் மார்பைத் தொட்டிருக்க வேண்டும். விழுங்கும் ஒலி கேட்க வேண்டும். தாய்க்குத் தொடர்ந்து வலித்தாலோ, காம்பு வெடித்திருந்தாலோ பற்றும் விதம் தவறு என்றே பொருள். நாக்கின் அடித்தசை இறுகியிருப்பதும் சில குழந்தைகளுக்குத் தடையாக அமைகிறது. இதைக் குழந்தைகள் நல மருத்துவர் பார்த்துச் சொல்ல முடியும்.

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, கடிகாரத்தைப் பார்க்காமல் குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். தூங்கி வழியும் குழந்தையை எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு மார்பை முழுமையாகக் குடித்து முடித்த பின் மறுபக்கம் மாற்ற வேண்டும். உறிஞ்சும் வேகம் குறையும்போது மார்பைக் கையால் மெல்ல அழுத்திக்கொடுத்தால் பால் மீண்டும் பாயும். குடித்து முடித்த பின்னும் சில நிமிடங்கள் கையாலோ பம்ப் கொண்டோ எடுப்பது சுரப்பைக் கூட்டும். முதல் நாள் சில துளிகளே வரும். பலன் தெரிய மூன்று நாட்கள் முதல் ஒரு வாரம் ஆகலாம் என்பதால், இரண்டாம் நாளிலேயே கைவிட்டுவிடக் கூடாது.

எடை குறைந்து கூடுதல் பால் தேவை என்று மருத்துவர் கூறினால் தயங்கக் கூடாது. பட்டினி கிடக்கும் குழந்தைக்கு உறிஞ்சும் வலுவே இருக்காது. முதலில் தாயிடமிருந்து பீய்ச்சி எடுத்த பால், அது போதாவிடில் பால் வங்கியின் தானப் பால், அதுவும் கிடைக்காவிடில் பால்பவுடர் என்பதே வரிசை. இதைப் புட்டியில் அல்லாமல் பாலாடையில் கொடுப்பது நல்லது. நம் வீட்டு மூலையில் கிடந்த இந்தச் சங்கு வடிவப் பாத்திரம், இன்று இந்தியப் பச்சிளங்குழந்தைகள் பராமரிப்புப் பிரிவுகளில் 'பாலாடை' என்ற இதே பெயரில் புழங்குகிறது. பால்பவுடரை டப்பாவில் குறிப்பிட்ட அளவிலேயே, கொதிக்கவைத்த நீரில் கரைக்க வேண்டும். டப்பா நீண்ட நாள் வர வேண்டும் என்று நீரைக் கூட்டினால், குழந்தையின் வயிறு நிறையும், எடை கூடாது.

லட்டும் பூண்டும் மாத்திரையும்

பஞ்சாபில் பஞ்சிரி, ராஜஸ்தானில் கோந்து லட்டு, மகாராஷ்டிரத்தில் அலிவ் விதை லட்டு, தமிழகத்தில் பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு எனப் பிரசவித்த தாய்க்கான உணவு ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. இவை பாலைப் பெருக்கும் என்பதற்கு வலுவான மருத்துவச் சான்று இல்லை. எனினும், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குக் கூடுதலாகச் சுமார் 600 கலோரி தேவை என்பதைக் கருதினால், இவ்வுணவுகளின் பயன் புரியும். பத்தியம் என்ற பெயரில் காய்கறி, பழம், பருப்பு, தண்ணீர் ஆகியவற்றைக் குறைப்பதே தீங்கானது. தாகத்திற்கு ஏற்பக் குடித்தால் போதும். அளவுக்கு மீறிக் குடிப்பதால் பால் கூடுவதில்லை.

வெந்தயம், தண்ணீர்விட்டான் கிழங்கு ஆகியவற்றின் பொடிகளுக்கும் சான்று குறைவே. சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் அதிக அளவில் வெந்தயம் எடுத்துக்கொள்வது ஆபத்து. டோம்பெரிடோன் மாத்திரை சில வேளைகளில் மருத்துவர்களால் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு ஏற்படக்கூடும் என்பதால், பால் சுரப்புக்காக இதைப் பயன்படுத்துவதற்கு எதிராக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டே எச்சரித்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை அல்ல இது.

உண்மையான குறைபாடு

அனைத்தையும் சரியாகச் செய்தும் பால் கூடாத தாய்மார்கள் உள்ளனர். கருப்பையில் நஞ்சுக்கொடியின் துணுக்கு தங்கியிருத்தல், தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, மார்பில் முன்பு செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை, பால் சுரப்பித் திசுக்கள் போதிய அளவில் வளராமை ஆகியவை காரணமாகலாம். பிரசவத்தில் பெருமளவு ரத்தம் இழந்த தாய்க்கு ஒரு துளியும் சுரக்கவில்லை எனில், பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பரிசோதிப்பது அவசரம். ஈஸ்ட்ரோஜன் அடங்கிய கருத்தடை மாத்திரைகளும், மூக்கடைப்புக்கான சில சளி மருந்துகளும் சுரப்பைக் குறைக்கும். இவற்றில் சில, ஒரு ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டறிந்து சரிசெய்யக் கூடியவை. "மனதைத் தளரவிடாதே" என்ற அறிவுரையால் தைராய்டு சரியாகாது. தொடர்ந்த அழுகை, உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களைக் கடந்தால், அது பிரசவத்திற்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. முழுத் தேவையையும் ஈடுகட்ட இயலாத தாய், தன்னால் இயன்ற அளவு தாய்ப்பாலோடு பால்பவுடரும் சேர்த்துக் குழந்தையை நலமாக வளர்க்க முடியும்.

பால் குடிக்க எழாமல் சோர்ந்து கிடத்தல், எட்டு மணி நேரத்திற்கும் மேலாகச் சிறுநீர் கழிக்காமை, வாய் உலர்தல், உச்சிக்குழி உள்வாங்குதல், காய்ச்சல், மஞ்சள் நிறம் கை கால்களுக்குப் பரவுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உதவி எங்கே?

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி, மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் மும்பை சயான் மருத்துவமனையில் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று பல மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளில் இத்தகைய வங்கிகள் உள்ளன. தானம் பெற்ற பால் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிப் பாதுகாக்கப்பட்டு, குறைமாதக் குழந்தைகளுக்கு முன்னுரிமையாக வழங்கப்படுகிறது. தாய்ப்பாலை வணிக நோக்கில் விற்பதற்கு அனுமதி இல்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 மே மாதத்தில் அறிவுறுத்தியுள்ளது. எனவே இணையத்தில் விற்கப்படும் பாலை நாட வேண்டாம். மருத்துவமனையிலேயே பால்பவுடர் மாதிரி இலவசமாகக் கையில் கொடுக்கப்பட்டால், அது 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் ஒழுங்குமுறைச் சட்டத்திற்கு முரணானது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டிற்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வந்து குழந்தையைப் பார்ப்பது தேசிய சுகாதாரத் திட்டத்தின் ஓர் அங்கம். தமிழகத்தில் கிராம சுகாதார செவிலியரை அணுகலாம். அவர் வரும் நாளில் குழந்தையின் எடையை எடுக்கச் சொல்லி, தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் முன்னிலையிலேயே ஒருமுறை பால் கொடுத்துக் காட்டினால், பற்றும் விதத்தில் உள்ள பிழையை அங்கேயே திருத்திக்கொள்ள முடியும்.